பிரதாபனுக்கு வைத்த தண்ணீர்

என் மகள் நிசாந்தினிக்கு மூளை கழன்றுவிட்டது என்று, ஒக்லண்டின் விரிப் பகுதியில் நான் வேலை செய்யும் கிடங்கு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இருபத்துநாலு வயது, கைநிறையச் சம்பளம். அதை உதறிவிட்டு முதுகில் ஒரு மூட்டையோடு தென்னமெரிக்காவில் ஊர் ஊராக பஸ்ஸில் திரிகிறாள். அறை வாடகை மிச்சமாம், இரவில் பஸ்ஸிலேயே நித்திரை. லீமாவிலிருந்து குவாயாகிலுக்கு இருபத்தெட்டு மணித்தியாலம்! கேட்டால், “சூப்பரா இருக்கு அப்பா” என்கிறாள். அந்தப் பாதையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவன் நான். எனக்கு வயிறு எரியாதா?

தொண்ணூற்றெட்டில் நானும் என் கூட்டாளி பிரதாபனும் ஒரு ஏஜென்சிக்காரனை நம்பிக் கனடாவுக்குப் புறப்பட்டோம். அதே பஸ்கள், அதே குவாயாகில். கடைசியில் பனாமாவில் என்னைப் பிடித்துக் கொழும்புக்கே திருப்பி அனுப்பினார்கள். தனியாகத் திரும்பிய நான் பிரதாபன் வீட்டில் போய்ச் சொன்னேன்: “காய்ச்சலிலை என்ர மடியிலைதான் உயிர் போனது. நான்தான் கொள்ளி வைச்சனான்.” ஐயர் திதி கேட்டார். ஒரு நாளைச் சொன்னேன். அடுத்த வருடம் அவன் தங்கச்சி சோபனாவைக் கட்டினேன். ஒக்லண்டில் இருந்த என் அண்ணன் எங்களைக் கூப்பிட்டெடுத்தார்.

நான் சொன்னதில் காய்ச்சல் மட்டும்தான் உண்மை. குவாயாகில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து அறையில் பிரதாபன் அனலாய்க் கிடந்தான். நடக்க முடியாதவனை ஏற்ற மாட்டேன் என்று ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான். பிரதாபன் என் சேட்டு நுனியைப் பிடித்திருந்தான். “தண்ணி வாங்கிக்கொண்டு வாறன் மச்சான்” என்று அவன் விரல்களைக் கழற்றிவிட்டு நேரே போய் பஸ்ஸில் ஏறினேன். அவன் அன்றிரவே செத்திருப்பான் என்று நானே முடிவு கட்டினேன். பஸ் ஏறிய நாளைத்தான் ஐயரிடம் திதிக்குக் கொடுத்தேன்.

போன ஞாயிறு, இங்கே ரானுயியில் எங்கள் வீட்டில் அவனுடைய திவசம். சோபனா விடிய எழும்பி வாழைக்காய்க் கறி, பருப்பு, வடை, பாயாசம் எல்லாம் சமைத்து, மாலை போட்ட படத்துக்கு முன்னால் படைத்தாள். தண்ணீர்ச் செம்பு வைப்பது மட்டும் என் வேலை. இத்தனை வருடத்தில் அதை வேறு யாரையும் தொட விட்டதில்லை. அன்றும் நான்தான் வைத்தேன்.

மத்தியானம் நிசாந்தினி வீடியோவில் வந்தாள். அங்கே முதல் நாள் பின்னேரம். தினமும் ஒருதரம் தாயோடு தமிழில் கதைக்க வேண்டும் என்பது சோபனா போட்ட சட்டம்.

“பிள்ளை, இண்டைக்கு மாமான்ர திவசம். இறைச்சி கிறைச்சி சாப்பிட்டிடாதை.”

“இல்லை அம்மா, சோறும் பீன்ஸும்தான். குவாயாகில் பஸ் ஸ்டாண்டிலை ஒரு சின்னக் கடை. எட்டு மணிக்கு கீட்டோவுக்கு பஸ்.”

அவளுக்குப் பின்னால் கோப்பை ஒன்று விழுந்து உடைந்தது. நரைத்த தலையொன்று திரைக்குள் வந்தது.

“பிள்ளை, நீ யாழ்ப்பாணமோ?”

“அம்மா! இந்தக் கடைக்காரர் தமிழ் கதைக்கிறார்!” என்று நிசாந்தினி துள்ளினாள்.

சோபனா ஃபோனைப் படையலுக்கு நேரே பிடித்திருந்தாள். அந்த மனிதர் திரையை உற்றுப் பார்த்தார்.

“அது என்ர படமெல்லோ? பாஸ்போட்டுக்கு எடுத்தது. ஆர் மாலை போட்டது?”

ஐயோ! சுவரைப் பிடித்துக்கொண்டேன். இடது புருவத்தில் பிரதாபனுடைய அதே பழைய வெட்டுத் தழும்பு. செத்தவன் பேசுகிறான்!

“அண்ணா!” என்று சோபனா கத்தினாள்.

“சோபியோ? நீ உயிரோடை இருக்கிறியோ? நாலு கடிதம் போட்டனான். ஒண்டுக்கும் பதில் இல்லை. சண்டையிலை எல்லாரும் முடிஞ்சுது எண்டெல்லோ நினைச்சன்.”

இருவரும் அழுதார்கள். ஒன்றும் விளங்காமல் நிசாந்தினியும் அழுதாள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஃபோனை அணைக்கத்தான் கை போனது. சோபனா என் கையைத் தட்டிவிட்டாள்.

“இஞ்சருங்கோ. நீங்கள்தானே கொள்ளி வைச்சனான் எண்டு சொன்னீங்கள்?”

ஃபோனில் விழாமல் ஒரு பக்கமாய் நகர்ந்தேன்.

“ஆரடி அங்கை?” என்று பிரதாபன் கேட்டான். சோபனா ஃபோனை என் முகத்துக்கு நேரே திருப்பினாள். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

“நிமலனே? தலையெல்லாம் வழுக்கை விழுந்திட்டுது.” அவன் குரலில் கோபமே இல்லை. “தண்ணி வாங்கிக்கொண்டு வாறன் எண்டு போனனி. திரும்பி வந்தால் இந்த பஸ் ஸ்டாண்டாலைதான் வருவாய் எண்டுதான் இதுக்குள்ளையே கடை போட்டனான். எங்கை மச்சான் தண்ணி?”

சோபனா என்னைப் பார்த்தாள், பிறகு படையலைப் பார்த்தாள். குனிந்து, படத்துக்கு முன்னால் நான் வைத்த செம்பை எடுத்து என் கையில் திணித்தாள்.

“அண்ணா கேக்கிறார்,” என்றாள். “குடுங்கோ.”