இரண்டு விரற்கடை

அப்பாவின் உடலைத் தூக்க வந்த நான்கு பேரும் முட்டி போட வேண்டியிருந்தது. கட்டில் அவ்வளவு தாழ்வு. வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய தம்பி, மூச்சு வாங்க, "என்னக்கா இது, தரையோட ஒட்டிக் கிடக்கு?" என்று கேட்டான்.

அவளுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்று வருஷமாக அப்பா அந்தக் கட்டில் கால்களை அறுத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டு விரற்கடை. ஐம்பது வருஷம் தச்சு வேலை பார்த்த கை. நாலு காலும் பிசகாமல் ஒரே மட்டம். கட்டில் ஆடியதில்லை, அவள்தான் ஆடிப்போனாள். புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு கட்டி, முதியோர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்ததும் அவள்தான். கத்தித் தீர்த்தபோதுகூட, அவர் மரத்தூளை ஊதிவிட்டு, "உயரம் ஒத்துக்கலம்மா" என்றதோடு சரி.

அடக்கம் முடிந்து வீடு காலியான பிறகு, செய்தி கேட்டுக் கால்நடை டாக்டரம்மா வந்தார். கையில் மேஸ்திரிக்கான மாத மருந்து. மேஸ்திரி என்பது அப்பாவின் பூனை. அவர் வேலை செய்யும்போது எதிரே உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதால் வந்த பட்டம். வயது பதினெட்டு. தூங்குவது அவர் கால்மாட்டில்தான்.

குட்டியாக முதல் ஊசிக்கு வந்ததிலிருந்து தனக்குத் தெரியும் என்றார் டாக்டரம்மா. பல் போனதும் அப்பா தீனியை மசித்துக் கொடுத்தாராம். முதுகை நக்கிக்கொள்ள முடியாமல் போனதும் அவரே தினம் சீவிவிட்டாராம்.

"பூனை மூட்டுவலியக் காட்டிக்காது. இவர்தான் கண்டுபிடிச்சார். ஏற முடியலன்னு படி செஞ்சு வச்சார், அது சீந்தல. அப்புறம் கட்டிலையே இறக்கிட்டார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

டாக்டரம்மா தயங்கினார். "சொன்னா, ஊசி போட்டு முடிச்சிடச் சொல்வீங்கன்னார்."

சொன்னவள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், மேஸ்திரி கூடத்தை நனைத்த அன்று, கிழட்டுப் பூனையோடு ஏன் மாரடிக்கிறீர்கள், ஒரு ஊசியில் தீர்ந்துவிடுமே என்று வாய் கூசாமல் சொன்னாள். அதற்குப் பிறகு பூனைக்கு வயதாவதை அவர் அவள் கண்ணில் காட்டவேயில்லை. பைத்தியம் என்ற பேரைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

கட்டிலைப் பிரித்துவிடலாம், பூனையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றான் தம்பி.

"ரெண்டும் என்கூட வரட்டும்" என்றாள்.

மேஸ்திரி கட்டிலருகே வந்து முன்கால்களை மெத்தையில் வைத்தது. பின்கால்கள் வரவில்லை, வழுக்கி விழுந்தது. ஒன்றும் நடக்காததுபோல் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது. தூக்கிவிடக் குனிந்தவள் கட்டில் காலில் பென்சில் கோட்டைப் பார்த்தாள். அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே. நாலு காலிலும் இருந்தது.

ரம்பம் அலமாரியில் எண்ணெய் பூசி வைத்தபடி இருந்தது. மெத்தையை இறக்கி, கட்டிலைக் கவிழ்த்து, முதல் காலைப் பிடித்தாள். பழகாத கை, ரம்பம் கோட்டை விட்டு விலகி விலகிப் போனது. மேஸ்திரி எதிரே உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.