சீனித் தண்ணி

முத்தம்மா கிளினிக்குக்குப் போவதை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு தராசு.

கூடத்தின் நடுவில் அது நிற்கும். கர்ப்பிணிகள் ஒவ்வொருவராக ஏறி நிற்க, அங்கே வேலை செய்யும் பெண் எடையைக் கத்திச் சொல்வாள். தூரத்து மேசையில் இருப்பவள் எழுதிக்கொள்வாள். முத்தம்மாவின் முறை வந்தபோது தராசுக்காரி கத்தியதோடு விடவில்லை. "அம்மோய், தராசு தாங்குமா லா?" என்றாள். பெஞ்சுகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முத்தம்மாவும் சிரித்து வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவள்தான், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

கிளினிக் நாள் வந்தால் சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். ஈப்போ பசாரில் கடைகளைச் சும்மா சுற்றிவிட்டுத் திரும்புவாள். "என்ன சொன்னாங்க?" என்று புருஷன் பத்துமலை கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்காம்" என்பாள்.

பத்துமலைக்கு சிம்பாங் பூலாய் கல்லுமலையில் பாறை உடைக்கும் வேலை. இருவரும் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபிறகு, இங்கே ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். எண்பத்து மூன்றாம் வருஷம் அது.

வயிற்றில் இருந்தது இரண்டாவது பிள்ளை. முதலாவது, தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தான். பெரிய பிள்ளை. நாள் கணக்கில் வலித்துப் பிறந்தவன் அழவே இல்லை. முத்தம்மா மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது அவனைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். படுத்தபடியே அவள் கேட்டது, வெளியே நாத்தனார் ராக்காயி யாரிடமோ சொன்ன பேச்சைத்தான்: "தின்னு தின்னு புள்ளைய ஊத வச்சுட்டா. வர்ற வழியில அடைச்சுக்கிச்சு."

அந்தப் பேச்சு அவள் காதிலேயே தங்கிவிட்டது. நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் சாப்பிடுவதில்லை.

ஆறாம் மாதம் ஒரு காலையில் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் மிஸி புஷ்பராணி. யாழ்ப்பாணத்துக் குடும்பம்; தாதியாகி வருஷம் பல ஆகியிருந்தது. பத்துமலை அன்று இரண்டாம் ஷிப்டு, வீட்டில்தான் இருந்தான்.

"ஏன் பிள்ளை, மூண்டு தரமா கிளினிக்குக்கு வரேல்லை?"

முத்தம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பத்துமலை அவளைப் பார்த்தான்.

"வரலையா? எங்கதான் போன?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. தராசையும் சிரிப்பையும் சொன்னாள். அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தாள். அவனோ உள்ளே போய் மிஸிக்குக் கோப்பி கலக்கிக்கொண்டு வந்து வைத்தான். பிறகு, "அடுத்த வாட்டி நானும் வாரேன்" என்றான்.

புஷ்பராணி முதல் பிள்ளையைப் பற்றி விசாரித்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரசர், பிள்ளை பத்து ராத்தலுக்கு மேல் என்று சொன்னதை முத்தம்மா வாயால் கேட்டதும் கோப்பியைக் கீழே வைத்தாள்.

"அப்ப உமக்கு சீனித் தண்ணி குடுத்து ரத்தம் பாக்கவேணும். கட்டாயம் பாக்கவேணும்."

"நான் இப்படி இருக்கிறதாலயா மிஸி?"

"அதுவும் ஒரு காரணம்தான். ஆனா அந்தப் பிள்ளை பெரிசாப் பிறந்து செத்ததுதான் என்னைக் கூடப் பயப்படுத்துது. வாரும். அண்டைக்கு உம்மை நானே நிறுக்கிறன்."

சொன்னபடியே செய்தாள். முத்தம்மா தராசில் ஏறியதும் பத்துமலை வந்து, பெஞ்சுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றான். புஷ்பராணி முள்ளைப் பார்த்தாள், எழுதினாள், ஒன்றும் சொல்லவில்லை.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒரு கிளாஸ் சீனித் தண்ணி. அவ்வளவு தித்திப்பை ஒரே மூச்சில் குடிக்க முத்தம்மாவுக்குக் குமட்டியது. பத்துமலை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம்.

இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, என்று வந்தது. பத்து காஜா ஊரில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே டாக்டர் சிவானந்தன் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டார். முத்தம்மா நாலு வருஷமாக யாரிடமும் கேட்காததை அவரிடம் கேட்டாள்.

"நான் தின்னுதான் அந்தப் புள்ள செத்துச்சா டாக்டர்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "இல்லம்மா. கர்ப்பத்துல சில பேருக்கு ரத்தத்துல சீனி ஏறிடும். ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வருது. கனமான உடம்புன்னா வாய்ப்புக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். உங்களுக்கு அப்பவே இருந்திருக்கும்னு நினைக்கிறேன். யாரும் பார்க்கல. பார்த்திருந்தா பிள்ளையக் காப்பாத்தியிருக்கலாம். நீங்க செஞ்ச குத்தம் இல்ல."

வெளியே வந்ததும் நடையில் உட்கார்ந்து அழுதாள். கெட்ட சேதியோ என்று வெளியே காத்திருந்த பத்துமலை பதறிப்போனான். "இல்ல, இல்ல" என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது.

பிறகு தினமும் இன்சுலின் ஊசி. மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும்; வீட்டில் ஐஸ் பெட்டி கிடையாது. மூலைக்கடைச் சீன முதலாளி தவுக்கேயின் மனைவி தன் ஐஸ் பெட்டியில், சோயாக் கட்டி தௌபூவுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். ஊசியைப் போடுவது பத்துமலை. பாறையில் துளை போடுகிற கை, முதல் நாள் ஊசியைத் தோல்வரை கொண்டுபோய்க் கொண்டுபோய்த் திரும்ப எடுத்தது. "கல்லுன்னு நெனச்சுக் குத்துங்க" என்றாள் முத்தம்மா. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

எட்டாம் மாதம் வளைகாப்பு. தஞ்சோங் மாலிமிலிருந்து ராக்காயி ஒரு பெரிய பேசின் நிறைய அதிரசத்தோடு வந்து இறங்கினாள். வந்தவர்கள் வளையல் போட்டுவிட்டு விலகியதும், ஒன்றை எடுத்து முத்தம்மாவின் வாயருகே நீட்டினாள்.

"வேணாம் அண்ணி. எனக்கு இனிப்பு நீர்."

"அதான் பார்த்தேன். இந்த உடம்புக்கு..."

"அண்ணி." முத்தம்மாவின் குரல் உயரவில்லை. "முதல் பிள்ளைக்கும் இதுதான். சீக்கு. யாரும் பார்க்காம விட்டுட்டாங்க. டாக்டர் சொன்னாரு. நான் தின்னு அவன் சாகல."

அதிரசம் ராக்காயியின் கையிலேயே நின்றது. நாலு வருஷத்துக்கு முன் சொன்னது இவள் காதில் விழுந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான்தான் அவனக் குளிப்பாட்டுனேன், முத்தம்மா," என்றாள். "உனக்குத் தெரியாதுல்ல? டிரசர் துணியில சுத்திக் கொடுத்தாரு. அப்படியே புதைக்க மனசு வரல. சுடுதண்ணி வச்சுக் குளிப்பாட்டுனேன். தல நெறய முடி. மூக்கு நம்ம பத்துமலை மூக்கு. தொடையில மடிப்பு மடிப்பா... அவ்வளவு அழகு. யாரு மேலயாவது கோவப்படணும்னு இருந்துச்சு. உம்மேல பட்டுட்டேன்."

முத்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வளையல்கள் மோதிக்கொண்டன.

"இன்னும் சொல்லுங்க அண்ணி," என்றாள். "காது எப்படி இருந்துச்சு?"

ராக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு காதைச் சொன்னாள், விரல்களைச் சொன்னாள், நெற்றியில் இருந்த மச்சத்தைச் சொன்னாள். அடுப்படியில் எழுவகைச் சோறும் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

நாள் தள்ளிப்போக விடாமல் பத்து காஜாவில் சேர்த்து, மருந்து ஏற்றி வலி வரவழைத்தார்கள். பெண் பிள்ளை. ஏழு ராத்தல்கூட இல்லை. குதிகாலில் குத்திச் சீனி பார்த்தபோது அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் மலாய்க்காரம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

நல்லம்மாள் என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தொண்டை அடங்கவில்லை. கல்லுமலையிலிருந்து புழுதியோடு திரும்பும் பத்துமலை, ரோட்டு முனையில் சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான்.

"ரோட்டு வரைக்கும் கேக்குது லா!" என்பான், வாசலில் நின்று, ஏதோ சம்பளம் கூடின மாதிரி.