புட்டிக்கு விழுந்த சீட்டு

வகுப்பறையில் பாடம் நடத்துவதையும் ஒரு சிறு சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டை எழுதுவதையும் தவிர வேறு எழுத்துப் பழக்கம் இல்லாத நான், கதை என்ற பெயரில் ஒன்றை எழுதி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னிப்புக் கோருகிறேன். பெரியவர்கள் குற்றம் கண்டால் பொறுத்தருள வேண்டும். கதையில் வரும் பெண்மணிகள் அனைவரும் என்னிடம் அன்பாக நடந்துகொண்டவர்கள். எவரையும் குறைத்துக் கூறுவது என் நோக்கம் அன்று. நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

1967ஆம் ஆண்டு சித்திரையில் அருப்புக்கோட்டை மகளிர் அலங்காரப் பொம்மைச் சங்கம் தொடங்கப்பெற்றது. எங்கள் ஊர் வணிகக் குடும்பங்களுக்குப் பினாங்கிலும் கொழும்பிலும் கடைகள் உண்டு. அங்கிருந்து வருகிற உறவினர்கள் சோப்பு, குடை, தைலம் இவற்றோடு ஒருவகைச் சீமைப் பொம்மையையும் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். அவை குழந்தை உருவப் பொம்மைகள் அல்ல. ஒன்றேகால் சாண் உயரத்தில், இடை சிறுத்து, மஞ்சள் முடியும் குதி உயர்ந்த செருப்புமாக நிற்கும் குமரிப் பெண்கள். குழந்தைகள் கையில் அவற்றைக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. தாய்மார்களே வைத்துக்கொண்டார்கள்.

தலைவி, மிளகாய் வற்றல் மண்டி உரிமையாளர் சௌந்தரபாண்டியன் அவர்களின் துணைவியார் சண்முகவடிவு அம்மையார். அவரிடம் மட்டும் ஐந்து பொம்மைகள் இருந்தன. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பிற்பகலில் அவர் வீட்டு மாடியில் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஜமுக்காளத்தின் நடுவில் பொம்மைகளை வட்டமாக நிறுத்துவோம். ஒருவர் பொம்மையை மற்றவர் கேட்காமல் தொடக் கூடாது. ஒவ்வொரு பொம்மைக்கும் பெயரும் பெட்டியும் இரண்டு மாற்றுடைகளும் இருக்க வேண்டும். சேர்ப்பதும் நீக்குவதும் குறிப்பேட்டில் தீர்மானமாக ஏற வேண்டும். என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்று கூறி, உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்த என்னிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். கொழும்பிலிருந்த என் சிறிய தந்தையார் தந்த ஒரே ஒரு பொம்மைதான் என்னிடம் இருந்தது.

எங்களுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. எந்தப் பொம்மைக்கும் சேலை கட்ட முடியவில்லை. பழம்புடவையைக் கிழித்துச் சுற்றினால் துணியின் தடிப்பு தாங்காமல் கொசுவம் விரிந்து நிற்கும். பஞ்சுமூட்டைக்கு முகம் வைத்தது போலிருக்கும். கைக்குட்டை, தாவணி, மல்துணி எல்லாவற்றையும் முயன்றோம். அந்த அளவுள்ள உடம்புக்கு அந்த அளவுள்ள நூல் வேண்டும் என்பது எங்களுக்குப் புரியவில்லை.

1969ஆம் ஆண்டின் இறுதியில் சண்முகவடிவு அம்மையாரின் பொம்மை ஒன்றின் வலது பாதத்தை வீட்டு நாய் கடித்துக் குதறிவிட்டது. முடியும் பாதி போயிற்று. "கால் ஊனம் காரணமாகச் சங்கத்திலிருந்தும் உடைமையிலிருந்தும் நீக்கப்படுகிறது" என்று தீர்மானம் எழுதினேன். அந்த வாசகமும் அம்மையார் சொன்னதுதான். அப்போது நெசவாளர் தெருவிலிருந்து சேலை கொண்டுவந்து காட்டிக்கொண்டிருந்த லிங்கம்மாள், குப்பைக் கூடையில் கிடந்த பொம்மையைப் பார்த்து, "இத நான் எடுத்துக்கிடட்டுமா தாயி?" என்று கேட்டார்.

"எடுத்துட்டுப் போ. ஒன் பிள்ளைக கடிச்சு விளையாடட்டும்" என்றார் அம்மையார்.

லிங்கம்மாளுக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். அவர் அவர்கள் கையில் அதைக் கொடுக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து ஒரு கூட்ட நாளில் மாடிப்படி ஏறி வந்து, மடியிலிருந்து எடுத்து நிறுத்தினார். தலையில் இருந்த துளை ஒவ்வொன்றிலும் ஊசியால் கறுப்பு நூலைக் கோத்து முடி நட்டிருந்தார். பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது. தறியில் பாவு என்கிற நெடுக்கு நூல் முடியும்போது எஞ்சுவதில் மெல்லியவற்றைப் பொறுக்கி, முக்கால் சாண் அகலத்தில், இரண்டு முழ நீளத்தில் ஒரு சேலை நெய்திருந்தார். அரக்குக் கரை, முந்தியில் மூன்று கோடு. கொசுவம் பாதத்தை மூடி விழுந்திருந்தது. ஊனம் இருந்த இடம் தெரியவில்லை.

"பேரு என்ன வச்சிருக்க?" என்று கேட்டவர் எண்ணெய்க்கடைக் குடும்பத்து முருகேஸ்வரி அவர்கள்.

"புட்டி. எங்க வீட்டுல பேசுற கன்னடத்துல சின்னப் பொண்ணுன்னு அர்த்தம்."

"புட்டியா? சாராயப் புட்டியா? போலீசு வந்துரப் போகுது மதினி" என்றார் முருகேஸ்வரி. எல்லாரும் சிரித்தார்கள். லிங்கம்மாளும் சிரித்தார்.

அவரைப் பதின்மூன்றாவது உறுப்பினராகச் சேர்த்தோம். ஜமுக்காளம் பன்னிரண்டு பேருக்கு அளவானது என்பதால் அவர் ஓரத்தில் தரையில் அமர்வார். அடுத்த நான்கு ஆண்டுகளில் எங்கள் அனைவரின் பொம்மைகளுக்கும் அவரே சேலை நெய்தார். என் பொம்மைக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று தந்தார். புட்டியை எதற்காக இவ்வளவு நேசிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "இவளக் கட்டி நிறுத்திப் பாத்தா அன்னைக்கு வேலை முடிஞ்ச மாதிரி இருக்கு டீச்சர்" என்றார்.

1974ஆம் ஆண்டு ஆண்டுவிழாப் போட்டிக்கு நடுவராகத் திருச்சுழியிலிருந்து ஓர் அதிகாரியின் துணைவியார் வந்தார். வட்டத்தைச் சுற்றி வந்தவர் புட்டியின் முன்னால் குனிந்து, "இது யார் வீட்டுப் பொண்ணு? இதத்தான் பொண்ணு பாக்க வரலாம்" என்றார். தலைவி தாமே பெறுவதற்கென்று தாமே வாங்கி வைத்திருந்த பரிசான வெள்ளிக் குங்குமச் சிமிழ் லிங்கம்மாளின் கைக்குப் போயிற்று.

விருந்தினர் பஸ்ஸுக்குப் புறப்பட்டதும் சண்முகவடிவு அம்மையார் பேசினார்.

"பொம்மை என்னுது. சேலைதான் ஒன்னுது. சேலைய அவுத்து எடுத்துக்கிட்டுப் பொம்மைய வச்சுட்டுப் போ."

லிங்கம்மாள் புட்டியை மடியில் வைத்துக்கொண்டார். "நீங்க வேண்டாமுன்னு எழுதிட்டீகம்மா. டீச்சர் நோட்டுல இருக்கு."

"டீச்சர், படிங்க."

நான் படித்தேன். சங்கத்திலிருந்தும் உடைமையிலிருந்தும் என்று ஒரு சொல் விடாமல் படித்தேன். அன்று நான் செய்தது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தீர்மானத்தை எல்லார் முன்னும் கேட்ட அம்மையாரின் முகத்தை, படித்து முடித்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன்.

அந்த ஆண்டு மழை இல்லை. ஐப்பசி பிறந்தும் வானம் வெளுத்துக் கிடந்தது. பரளச்சிப் பக்கம் விதைத்த சோளம் முளையிலேயே கருகிற்று. மழை பொய்த்தால் எங்கள் பக்கத்தில் கொடும்பாவி இழுப்பார்கள். ஊரில் யாரோ ஒரு பெரும்பாவி இருப்பதால்தான் மழை வரவில்லை என்பது நம்பிக்கை. வைக்கோலில் ஓர் உருவம் கட்டி, காலில் கயிறு மாட்டித் தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் எரித்தால் பாவி செத்துவிட்டதாக வானம் இரங்கும். ஆண்கள் ஊருக்குள் இழுத்துவிட்டார்கள். பயன் இல்லை.

"நம்ம சங்கமும் ஒரு கொடும்பாவி இழுக்கணும்" என்றார் தலைவி. "வைக்கோலுல வேண்டாம். அதுக்கு மழை எறங்கலையே. அருமையா வளத்ததத் தரணும். யாரு பொம்மைங்கிறதச் சீட்டுப் போட்டுப் பாப்போம்."

ஞாயிறு காலையில் என்னை மட்டும் முன்னதாக அழைத்திருந்தார். பதின்மூன்று காகிதத் துண்டுகளை என் முன் வைத்தார்.

"எல்லாத்துலயும் ஒரே பேரு எழுதுங்க டீச்சர்."

நான் பேனாவைத் திறக்காமல் இருந்தேன்.

"ஒங்க பள்ளிக்கூடத்துக் கமிட்டிக்கு எங்க வீட்டுக்காரகதான் இந்த வருசமும் தலைவரு. ஒங்களப் பத்தி எப்பவும் நல்லபடியாத்தான் சொல்லுவாக" என்றார். குரலில் கடுமை சிறிதும் இல்லை. காப்பியும் தந்தார்.

அதைக் காரணமாகக் காட்டி என்னைக் காத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கும். நான் எழுதினேன். பதின்மூன்று முறை, புட்டி, புட்டி என்று, வழக்கம்போல் எழுத்து சரியாமல் எழுதினேன்.

பிற்பகல் அனைவரும் மண்டிக்குப் பின்னால் உள்ள களத்தில் கூடினோம். வற்றல் காயவைக்கும் அந்தக் களம் சரக்கு இல்லாமல் வெறுமையாகக் கிடந்தது. பித்தளைத் தட்டில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, "நீயே எடு லிங்கம்மா. பரிசு வாங்குன கை, ராசியான கை" என்று தலைவி நீட்டினார்.

லிங்கம்மாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். படித்தார். பிறகு தட்டில் மீதிக் கிடந்த பன்னிரண்டையும் பார்த்தார். கையை நீட்டி இன்னொன்றை எடுத்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டில் தேதியை எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஊருக்கு மழை வேணும்ல" என்றார் முருகேஸ்வரி. "ஒன் தறிக்கும் தண்ணி வேணும்ல. குடு."

லிங்கம்மாள் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முதலில் சேலையை அவிழ்த்தார்கள். நாய் கடித்த பாதம் வெளியே தெரிந்தது. "மினுக்கிக்கிட்டு நின்னவ மொண்டிக் கழுதைதான்" என்று ஒருவர் கூறினார். முருகேஸ்வரி கத்தரிக்கோலால் பின்னலை வெட்டினார். துளை துளையாக நட்ட முடி ஒரே வெட்டில் கையோடு வந்தது. கடிபட்ட காலில் சணல் கட்டி, களத்தின் சுடும் மண்ணில் மூன்று சுற்று இழுத்தார்கள்.

"அடி பாதகத்தி, நீ போனாத்தான் மேகம் வரும்" என்று ஒருவர் மாரடித்துப் பாட, மற்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடினார்கள். நடுக்களத்தில் கிடத்தி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். வைக்கோலைப் போல் அது எரியவில்லை. உருகியது. முகம் முதலில் உள்ளே இறங்கியது. கைகள் எழுந்து வளைந்து பின் படிந்தன. நாற்றம் பொறுக்காமல் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

"இப்ப சொந்தக்காரி அழணும்" என்றார் சண்முகவடிவு அம்மையார். "கொடும்பாவிக்கு ஒறவு அழுதாத்தான் வானம் எறங்கும். அழு லிங்கம்மா."

லிங்கம்மாள் கரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நனையவில்லை.

"ரெண்டு சொட்டு விட்டாத்தான் என்ன? ஊருக்காகத்தானே கேக்காக" என்றார் முருகேஸ்வரி. "அவுக பாசையிலயே அழட்டும் மதினி. மழைக்கு எல்லாப் பாசையும் தெரியும்."

அவர் அழவில்லை. கால் மணி நேரம் சுற்றி நின்று கேட்டோம். இதற்கிடையில் என் கண்ணிலிருந்து நீர் வழிந்துவிட்டது. முருகேஸ்வரி அதைக் கவனித்துவிட்டு, "நீங்க அழுது புண்ணியமில்ல டீச்சர். ஒங்க பொம்மை இல்லையே" என்றார்.

போகும்போது லிங்கம்மாள் ஒன்றே ஒன்று கேட்டார். "சேலைய மட்டும் குடுங்கம்மா."

"அது கொடும்பாவி கட்டுனது. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது" என்றார் அம்மையார்.

அடுத்த கூட்டத்தில் அந்த அரக்குக் கரைச் சேலை அம்மையாரின் புதிய பொம்மையின் இடுப்பில் இருந்தது. நான் அதை அலங்காரங்களின் பட்டியலில் எழுதினேன்.

அந்த ஆண்டு முழுவதும் மழை பெய்யவில்லை. நெசவாளர் தெருக்காரி கல்நெஞ்சக்காரி, கொடும்பாவிக்கு அழாமல் நின்றாள், அதனால்தான் வானம் அடைத்துக்கொண்டது என்ற பேச்சு கடைத்தெரு வரை பரவிற்று. அவர் கணவர் சௌடப்பன் பாவு வாங்கப் போகிற இடத்திலும் அதைச் சொல்லிக் காட்டினார்கள். குடிநீர்க் கிணற்றில் லிங்கம்மாளின் குடத்தைக் கடைசிக்குத் தள்ளினார்கள். மறு ஆண்டு தையில் தறியைப் பிரித்துக்கொண்டு குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போக ஆயத்தமானார்கள்.

புறப்படுவதற்கு முந்திய நாள் நான் அவர் வீட்டுக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்கச் சென்றேன் என்று சொல்ல ஆசை. கேட்கவில்லை. குழித்தறி இருந்த பள்ளத்தின் அருகில் பலகை போட்டு உட்காரச் சொன்னார். அந்தப் பஞ்சத்திலும் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் தந்தார். குடித்து முடித்ததும் கேட்டார்.

"மிச்சச் சீட்டுலயும் அதே பேருதானே டீச்சர்?"

"ஆமாம்" என்றேன்.

"எழுத்து நல்லாருந்துச்சு" என்றார்.

செம்பை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். பிறகு வெளியே வரவில்லை. சிறிது நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

நெய்து தர ஆள் இல்லாமல் சேலைகள் நைந்தன. கூடுபவர்கள் குறைந்தார்கள். 1976ஆம் ஆண்டு ஆடிக்குப் பிறகு கூட்டம் நடைபெறவில்லை. குறிப்பேடு என்னிடமே இருக்கிறது. அதில் எழுதாமல் விட்டவற்றை இங்கே எழுதி நிறுத்திக்கொள்கிறேன்.

போனவை: புட்டி என்று பெயரிடப்பட்ட பொம்மை ஒன்று. அதன் கறுப்புப் பின்னல் ஒன்று. அரக்குக் கரைச் சேலை ஒன்று. நெசவாளர் தெருவில் ஒரு தறி. ஊரில் ஒரு குடும்பம், நான்கு பேர். சங்கம் ஒன்று. மழை முன்பே போயிருந்தது. அதை இதில் சேர்க்கவில்லை.