பேர் இருந்தால் காரணம் வேண்டும்

எங்கள் ஊரில் எல்லோருக்கும் கதையில்தான் வேலை. அதனால் எங்களுக்கு நேர்ந்த அநீதிகளும் கதையிலிருந்தே வந்தன. அவற்றை வந்த வரிசையில் சொல்கிறேன். வரிசை மாறினால் அநீதி நீர்த்துப்போகும்.

முதலில், எங்களை எழுதுகிற மேலிடத்தார் வானிலையைப் பிடுங்கினார்கள். கதாநாயகன் கலங்கும்போதெல்லாம் மழை பெய்ய வேண்டும் என்று சூழலுக்கு உத்தரவு. அவன் எளிதில் கலங்குகிறவன். வெகுகாலமாக ஊரில் மிளகாய் வத்தல் ஒழுங்காகக் காயவில்லை.

அடுத்து 'போல' என்ற சொல்லைப் பிடுங்கினார்கள். லோடுமேன் இருளப்பன் "மலைபோல நின்றான்" என்று உவமையில் நின்றுகொண்டிருந்தான். உவமையில் நிற்பவர்கள் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். மைச் செலவைக் குறைக்கிறோம் என்று 'போல'வை அடித்து, அவனை உருவகமாக்கினார்கள். இப்போது அவன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மலையாக இருக்கிறான். முகம் ஏறமுடியாத காட்டுப் பக்கம் அமைந்துவிட்டது. அவன் மனைவி முத்தக்காள் தினமும் மதியம் தூக்குச்சட்டியோடு போய், முதுகோடு பேசிவிட்டு, சோற்றைத் திரும்பக் கொண்டுவருகிறாள்.

மூன்றாவது, கல்யாணக் காட்சிக்கு நாற்பது பாத்திரம் வேண்டும் என்று மேலிடம் கேட்டது. குமாஸ்தா பாத்திரக்கடைக்குப் போய் வாங்கிவந்துவிட்டார். காட்சி நன்றாகவே அமைந்தது. அண்டாக்கள் வசனம் கேட்கவில்லை, வெற்றிலைபாக்கும் கேட்கவில்லை. எங்களில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. வேறு தலைவனாக இருந்தால் பாத்திரங்களை நெளித்திருப்பான். நான் சங்கத்தில் சேர்த்தேன். துணைப்பாத்திரங்கள் சங்கத்தின் பொருளாளர் இன்று ஒரு பித்தளை அண்டா. வாய் பெரிது. ஆனால் சங்க ரகசியம் ஒன்றும் வெளியே போனதில்லை.

நான் செயலாளர். துண்டுப்பிரசுரங்களில் எழுத்துக் கற்றவன். தன்மையில் பேசுபவனுக்கு 'நான்' போதும் என்பதால் எனக்கென்று பெயர் தேடியதில்லை. ஊரில் அண்ணாச்சி என்பார்கள்.

நான்காவது அநீதி சங்க வாசலுக்கு நடந்தே வந்தது. எல்லாக் கதையிலும் கூட்டத்தின் ஓரத்தில் நின்று "ஐயோ, பாவம்!" என்பவள் அவள். "ஓரமாக நின்றாள், அழுதாள்" என்றுதான் அவளை எழுதுவார்கள். எழுவாய் தோன்றவே தோன்றாது.

"அண்ணாச்சி, நாளைக்கு உச்சகட்டத்துல என்னைக் கொல்லுதாங்களாம்."

"எதுக்காம்?"

"கதாநாயகனுக்குக் கோவம் வரணுமாம். என் தலையில இடி விழுமாம்."

"இடி விழுந்தா அவன் யாரு மேல கோவப்படுவான்?"

"அது அடுத்த அத்தியாயமாம்."

பெயரில்லாத பாத்திரத்தை எப்போது வேண்டுமானாலும் கொல்லலாம். பெயருள்ளதைக் கொன்றால் காரணம் எழுத வேண்டும். பழைய விதி.

"ஒனக்குப் பேரு கிடையாதா?"

"எங்கம்மை ஏட்டின்னு கூப்பிடும். எழுதுறவங்க அதுவும் கூப்பிடல."

அவளை அழைத்துக்கொண்டு கதைசொல்லியிடம் போனேன். எல்லாம் அறிந்த கதைசொல்லி என்பதால் அவன் மொட்டைமாடியில் உட்கார்ந்திருப்பான். ஒரு காலத்தில் எங்கள் சுவரொட்டிக்குப் பசை காய்ச்சியவன்தான். பிறகு மேலே போனான். மேலே போனவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு. அதற்கு இந்தக் கதையில் இடமில்லை.

"வருவீங்கன்னு தெரியும் அண்ணாச்சி."

"ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே. இவ பேரு என்னலே?"

அவன் அவள் மனதுக்குள் பார்த்தான். "மாடியில வத்தல் காயப்போட்டுட்டு வந்திருக்கா. கதாநாயகன் கலங்கிருவானோன்னு பயப்படுதா."

"சாவுக்குப் பயம் இல்லியா?"

"அது அடியில கெடக்கு. மேல வத்தல்."

"நான் பேரைக் கேட்டேன்."

அவன் இன்னொரு முறை பார்த்தான். "இல்ல அண்ணாச்சி. நான் வைக்கலையே." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இடி இறங்குறதுக்குள்ள ஒரு பேரை எழுதி, மூணு சாட்சி முன்னால வாசிச்சா செல்லும்."

"அண்டா ஒண்ணு, இருளப்பன் ஒண்ணு. மூணாவது நீ."

"நான் நடுநிலை."

"பசை காய்ச்சின கைதானலே அது?"

அவன் தன் கையைப் பார்த்தான்.

மறுநாள் எழுச்சிக்கொடி, வெற்றிச்சுடர் என்று சில பெயர்களை யோசித்து வைத்திருந்தேன். அவள் சிரித்தாள்.

"இதெல்லாம் கொடிக்கம்பத்துக்கு வைக்கிற பேரு. பின்னால இருந்து கூப்பிட்டா நான் திரும்பணும். அதான் அண்ணாச்சி எனக்குத் திருப்பம்."

தான் விரும்பிய பெயரை என் காதில் சொன்னாள். பிரசுர நடைக்குப் பொருந்தாத பெயர். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன்.

உச்சகட்டம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள பொட்டலில், உச்சிவெயிலில். கதாநாயகன் கோபத்துக்குத் தயாராக நின்றான். அண்டாவை நாலு பேர் தூக்கிவந்து வைத்தார்கள். மலை ஏற்கெனவே இருந்தது. கதைசொல்லியைக் காணோம். அவள் எங்களுக்கு முதுகு காட்டி, எழுதியிருந்தபடி ஓரமாக நின்றாள். இடி பனைமர உயரத்துக்கு இறங்கி அவள் தலைக்கு நேராக வந்தது.

அப்போது கதைசொல்லி மாடிப்படி இறங்கி ஓடிவந்து அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றான். மூச்சு வாங்கியது.

"வாசிங்க அண்ணாச்சி."

நான் காகிதத்தைப் பிரித்து, சாட்சிகள் மூவரும் கேட்க, உரக்க வாசித்தேன்.

"பேச்சித்தாய்."

அவள் திரும்பினாள். இடி காரணம் எதுவும் கொண்டுவராததால் மேலே போய்விட்டது. அவளோடு சேர்ந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மலையும் இந்தப் பக்கம் திரும்பியது. முத்தக்காள் தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தாள்.