மெனக்கேடு

ஒன்பது மணி நேரமாகக் கடற்பாசியில் ஒட்டியிருந்த சிப்பிக் குஞ்சுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் மிளகைவிடச் சிறியது. இடுக்கியால் எடுத்து, லென்சுக்கு அடியில் புரட்டிப் பார்த்து, இரண்டு தட்டுகளில் ஒன்றில் போட வேண்டும்.

“மெனக்கேடு,” என்றாள் பிலோமி. எங்கள் மீன்வள ஆபீசில் சிப்பி கழுவுகிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள்.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷமாகியும் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்பதை அம்மா அப்படித்தான் சொல்வாள். வலையில் சிக்கெடுப்பதற்கும் தோணித்துறையில் அதே சொல்தான். பி.எஸ்சி. படித்துவிட்டு நான் பார்க்கும் இந்த வேலைக்கு அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். எவ்வளவு செய்தாலும் குறையாத, செய்த அடையாளமும் தெரியாத வேலை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். நானும் மறுத்ததில்லை.

ஒரு தட்டு நிறைந்துகொண்டு வந்தது. மற்றதில் இன்னும் அடி தெரிந்தது.

“எது நல்ல தட்டு? அதையாவது சொல்லுங்கம்மா.”

“முடியட்டும் அக்கா.”

கேட்பதற்கு அவளுக்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் பாஸ்கல் கடலில் முக்குளிக்கிறவன். இந்தப் பாசியைக் கடலடிப் பாறையிலிருந்து கொண்டுவந்தவனே அவன்தான். இங்கே முத்துக்குளிப்பு நின்று வெகுகாலம் ஆகிறது. பாசியில் முத்துச்சிப்பிக் குஞ்சு மறுபடி ஒட்டியிருந்தால், அது வளரும்வரை மாதாமாதம் இறங்கிப் பார்க்க ஆபீஸ் அவனை வைத்துக்கொள்ளும். இல்லையென்றால் இன்று மாலைத் தோணியில் கொழும்புக்கு மூட்டை தூக்கப் போகிறான்.

முத்துச்சிப்பியைப் போலவே இன்னொரு சிப்பியும் பாசியில் பிடிக்கும். வளர்ந்த பிறகு அதற்கு வால்போல நீளும். அது முத்துக்கு ஆகாது. குஞ்சாக இருக்கையில் லென்சில்தான் வித்தியாசம் தெரியும். போன வருஷம் எனக்கு முன் இருந்தவர் ஒரு கைப்பிடியைப் பார்த்துவிட்டு முத்துச்சிப்பி என்று சொல்லிவிட்டார். பாஸ்கல் தோணியை விட்டுவிட்டுக் காத்திருந்தான். சிப்பிக்கு வால் முளைத்தது.

பாஸ்கல் தகரப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான்.

“ஏளா, அந்தம்மாவ நச்சரிக்காத. அவுக பாக்குததே பெரிய மெனக்கேடு.”

“கொழும்புல நீரு மூட்ட தூக்குதது ராசா உத்தியோகமாக்கும்?”

“அங்கன மூட்டையத் தூக்குனா தூக்குனதுதான். இங்கன வாலு முளைக்குமா முளைக்காதான்னுல்லா பாத்துக்கிட்டு இருக்கணும்.”

அவள் சிரிக்கவில்லை.

“தோணிக்காரன் கூப்பிட்டாச்சு,” என்றான் அவன், மெதுவாக.

கடைசிக் கொத்து என் முன்னால் இருந்தது. எடுத்தேன், புரட்டினேன், போட்டேன். இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. பாசியில் எதுவும் மிஞ்சவில்லை.

இடுக்கியை வைத்துவிட்டு எழுந்தேன். கால் மரத்திருந்தது. அந்த அறையில் வாசல்வரை கேட்கும்படி நான் பேசியதே இல்லை.

“பெட்டியக் கீழ வைங்க அண்ணாச்சி,” என்றேன். “நிறைஞ்ச தட்டுதான் முத்துச்சிப்பி.”