பந்து வராத படம்

கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி அந்த வருடத்தைப் பதினோரு பேரோடு ஆரம்பித்தது. காலிறுதிக்கு வந்து சேர்ந்தபோது மிச்சம் ஐந்து பேர். ஒருத்திக்குக் கணுக்கால் முறிந்தது. ஒருத்திக்கு அம்மை போட்டது. இரண்டு பேருக்கு வகுப்பு வருகை போதவில்லை என்று துறைத்தலைவர் ஒற்றைக் காலில் நின்று தடுத்துவிட்டார். ஒருத்தி வேலை கிடைத்துப் போய்விட்டாள். இன்னொருத்தி ஏன் நின்றாள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கேட்டால் சிரிக்கிறாள்.

ஐந்து பேர் என்றால் ஆடுவதற்கு ஆள் சரி, உட்காருவதற்குத்தான் ஆள் இல்லை. மற்ற அணிகளில் களைத்துப் போனவளை வெளியே அழைத்து, தண்ணீர் கொடுத்து, தோளில் துண்டைப் போர்த்தி உட்கார வைப்பார்கள். இவர்கள் பெஞ்சில் ஐந்து பைகளும் பயிற்சியாளர் மேடமும் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். பைகளுக்கு ஆடத் தெரியாது. மேடத்துக்கு முட்டி போய்ப் பல வருடமாகிறது.

ஆகவே மேடம் ஒரு ஏற்பாடு செய்தார். நம் பக்கம் பந்து இருக்கும்போது ஒருத்தி மட்டும் மைதானத்தின் ஓரமாகப் போய் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மற்ற நான்கு பேர் சமாளிப்பார்கள். அடுத்த முறை அடுத்தவள். இதற்கு அணிக்குள் 'லீவு' என்று பெயர். "எனக்கு லீவுடி!" என்று கத்திவிட்டு ஒருத்தி மூலைக்குப் போனால், எதிரணி அதை ஏதோ பெரிய தந்திரம் என்று நினைத்து அவளைக் காவல் காக்க ஓர் ஆளை அனுப்பும். அவளும் வீணாக அங்கேயே நிற்பாள். இந்த லீவை வைத்துக்கொண்டே அவர்கள் காலிறுதிவரை வந்தார்கள் என்றால் அது லேசுப்பட்ட காரியமில்லை.

காலிறுதியில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

கடைசிக் கூடையைப் போட்டவள் எதிரணியின் சடைக்காரி. அவளைக் காவல் காக்க வேண்டியவள் பொடிசு. முதலாம் ஆண்டு, அணியிலேயே குள்ளம். ஆனால் அந்த நொடியில் சடைக்காரி கூடைக்குக் கீழே தன்னந்தனியாக நின்று, சாவகாசமாகப் பந்தைப் போட்டாள். பக்கத்தில் ஒரு ஈ, காக்கை இல்லை. அதைக் கண்ணால் பார்த்தவள் கேப்டன்.

கேப்டன் இறுதி ஆண்டு. இதுதான் அவளுக்குக் கடைசி ஆட்டம். மூக்குக்கு மேல் கோபம் வருகிற பெண். உடை மாற்றும் அறையில் எல்லார் முன்னாலும் வெடித்துவிட்டாள்.

"உன் ஆள விட்டுட்டு எங்கடி போன? இத்தன மாசம் அஞ்சு பேரும் உயிரக் குடுத்து ஆடினோம். எல்லாம் உன்னாலதான் போச்சு!"

பொடிசு குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள். அவிழ்த்த பிறகும் குனிந்தே இருந்தாள்.

"தோத்தத ஒருத்தி தலையில கட்டாத" என்றார் மேடம்.

"படம் போட்டுப் பாத்தா தெரியும் மேடம், யார் தலையில கட்டணும்னு" என்றாள் கேப்டன்.

அந்தப் படத்தைப் பார்க்கத்தான் மூன்று நாள் கழித்து எல்லாரும் விளையாட்டு அறையில் கூடினார்கள். ஜன்னல் இல்லாத அறை. பழைய பந்துகளின் ரப்பர் வாசனையும் ஈரச் சாக்ஸ் வாசனையும் ஒன்றோடொன்று போட்டி போடும். ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அணியின் நெட்டைப் பெண் கம்பம் காலை நீட்டி ஒன்றில் உட்கார்ந்தாள். அவள் உயரத்துக்கு அந்த நாற்காலி முக்காலியாகத் தெரிந்தது. பக்கத்தில் ஓயாமல் பேசும் ரேடியோ, அதற்கடுத்து வாயே திறக்காத கமுக்கம். ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"பொடிசு வரமாட்டாளாம்" என்றாள் ரேடியோ. "இன்னிக்கு மட்டுமில்ல. இனிமே டீமுக்கே வரமாட்டாளாம். எங்கிட்ட சொல்லிட்டா."

கேப்டன் தோளைக் குலுக்கினாள். ஆனால் மேடம் அவளைத் தனியாகக் கதவோரம் கூப்பிட்டார்.

"இருக்கறதே அஞ்சு பேரு. நீயும் இந்த வருஷத்தோட போற. அவளும் போனா நான் அடுத்த வருஷம் யார வெச்சு ஆரம்பிக்கறது? அவளத் திட்டினது நீ. நீதான் கூப்பிடணும். வேற யாரு கூப்பிட்டாலும் வரமாட்டா."

"தப்பு அவளோடதா இருந்தாலுமா மேடம்?"

"பாரு. பாத்துட்டு நீயே முடிவு பண்ணு. உனக்கு அப்பவும் கூப்பிட மனசு வரலன்னா நான் வற்புறுத்தல."

வழக்கமாக ஆட்டத்தைப் படம் எடுப்பது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் வேலை. பெஞ்சில்தான் ஆளே கிடையாதே. அன்றைக்கு அரங்கத்தில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் பொடிசின் அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். இன்றும் ஏதோ ஒரு கட்டடத்தில் வேலையை முடித்துவிட்டு, முழங்கைவரை கிரீஸ் கறையோடு, கருவிப் பையோடு நேராக வந்து நின்றார்.

"அவளுக்குத் தலவலியாம்மா. அதான் நான் கொண்டாந்தேன்" என்றார். மகளுக்கு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது என்பது அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கேப்டனுக்கு அவர் முகத்தைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் பின்வாங்குகிற ஜாதி இல்லை அவள். போனை வாங்கிப் புரொஜெக்டரோடு இணைத்தாள். சத்தம் கேட்க வேண்டுமென்று ரேடியோ தன்னுடைய ஸ்பீக்கரையும் அதோடு சேர்த்துவிட்டாள்.

சுவரில் படம் ஓடியது.

முதலில் பொடிசு தலைமுடியைக் கட்டினாள். பிறகு பொடிசு தண்ணீர் குடித்தாள். விசில் ஊதியது. பொடிசு ஓடினாள், பொடிசு நின்றாள், பொடிசு திரும்பினாள். எங்கோ கூட்டம் கத்தியது, எங்கோ பந்து தரையில் அடிபடும் சத்தம் கேட்டது. பந்தைத்தான் காணோம். எப்போதாவது தப்பித் தவறிச் சுவரின் ஒரு முனையில் தலைகாட்டிவிட்டு ஓடிப்போனது. ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் அறையை அதிரவைத்தது.

"கண்ணு, பின்னாடி! பின்னாடி பாரு! அம்மாடி, அவகிட்டயும் ஒரு தடவ பந்தக் குடுங்களேம்மா, கொறஞ்சா போயிடுவீங்க?"

ரேடியோ நாற்காலியிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தாள். அப்பா கூச்சத்தோடு கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு இந்த ஆட்டம் ஒண்ணும் புரியாதும்மா. அவ எங்க இருக்கான்னு மட்டும் பாத்துக்கிட்டே இருப்பேன்."

கேப்டனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆட்டத்தைப் பார்க்க வந்தால் ஒருத்தியின் முதுகைப் பார்க்க வேண்டியிருக்கிறது! பேசாமல் கடைசி நிமிடத்துக்கு ஓட்டிவிடலாம் என்று கையை நீட்டினாள். அதற்குள் கம்பம் "ஏய் இரு, இரு" என்று தடுத்தாள்.

சுவரில் பொடிசு, தன்னைவிட ஒன்றரை மடங்கு பெரிய ஒருத்தியின் வழியில் போய்க் கம்பு நட்டது போல் நின்றாள். பெரியவள் வந்து மோதினாள். பொடிசு விழவில்லை. அடுத்த கணம் எங்கிருந்தோ கைதட்டல்.

"அது நான் போட்ட கூடைடி!" என்றாள் கம்பம். "எனக்குப் பக்கத்துல யாருமே இல்லயேன்னு அன்னிக்கே யோசிச்சேன். நான்தான் ஏமாத்திட்டு வந்துட்டேன்னு நெனச்சு மூணு நாளா வீட்ல பீத்திக்கிட்டு இருக்கேன்."

அதற்குப் பிறகு யாரும் படத்தை வேகமாக ஓட்டச் சொல்லவில்லை. பந்து இல்லாத இடத்தில் இவ்வளவு நடக்கிறதா என்று இருந்தது. ரேடியோ பந்தைத் தவறவிட்ட சத்தம் கேட்டது. அது காதில் விழுவதற்கு முன்பே பொடிசு திரும்பி ஓட ஆரம்பித்திருந்தாள். கமுக்கத்தின் ஆள் தப்பித்து வந்தாள், எதிரே பொடிசு நின்றாள்.

"என் ஆளையும் அவதான் பாத்துக்கிட்டா" என்றாள் கமுக்கம். அவள் அந்த வாரத்தில் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி வந்தது. கேப்டன் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். அந்தக் கால்பகுதி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கால் இரண்டும் தன்னுடையவை மாதிரியே இல்லை. விலாவில் யாரோ ஊசியால் குத்தினார்கள். ஒவ்வொரு முறையும் பொடிசு வந்து, "என் லீவு முடிஞ்சிடுச்சு அக்கா, அடுத்து நீங்கதான்" என்பாள். கேப்டனும் முறை வந்துவிட்டது என்று நம்பி மூலைக்குப் போய் நிற்பாள். அந்த மூச்சு மட்டும் கிடைக்காதிருந்தால் பாதியிலேயே விழுந்திருப்பாள்.

சுவரில் இப்போது பொடிசின் வாய் அதையே சொன்னது. என் லீவு முடிஞ்சிடுச்சு அக்கா. ஆனால் முடியவில்லை. அப்பாவின் கேமரா அவளை ஒரு நொடி விட்டு நகரவில்லை. அவள் அந்தக் கால்பகுதியில் ஒரு தடவைகூட மூலைக்குப் போகவில்லை. தன் லீவு முறையையெல்லாம் கேப்டன் தலையில் கட்டிவிட்டு ஓடிக்கொண்டே இருந்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. அப்பாவின் குரலில் கேலியெல்லாம் போய், "போதும்டா கண்ணு, கொஞ்சம் நில்லுடா" என்று கெஞ்சல் வந்திருந்தது.



பிறகு அந்தக் கடைசி நொடி. பொடிசு சடைக்காரியின் பக்கத்தில்தான் இருந்தாள், கையை விரித்துக்கொண்டு, இம்மி பிசகாமல். படத்தின் ஓரத்தில் இன்னொருத்தி தெரிந்தாள். முழங்காலில் கை ஊன்றி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். கேப்டன் அது யாரென்று பார்த்தாள். அது அவள்தான். அவளுடைய ஆள் அவளைத் தாண்டிப் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தாள். தடுக்க ஒருவரும் இல்லை. பொடிசு அதைப் பார்த்தாள். சடைக்காரியை ஒரு தடவை பார்த்தாள். விட்டுவிட்டு ஓடினாள். பாய்ந்து வந்தவளின் முன்னால் விழுந்தடித்துப் போய் நின்றுவிட்டாள். பந்து அவள் தலைக்கு மேலே சடைக்காரிக்குப் பறந்தது.

கூட்டத்தின் சத்தத்தில்தான் கேப்டன் அன்று தலையை நிமிர்த்தினாள். நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது சடைக்காரி மட்டும்தான்.

விசில் ஊதிப் படம் நின்றது. அப்பா தயக்கத்தோடு எழுந்தார். "பந்தே சரியா விழல. உங்களுக்கு உபயோகப்படாதுன்னு நெனக்கறேன். மன்னிச்சுக்குங்கம்மா."

  மேடம் கேப்டனைப் பார்க்காமல் தன் முட்டியையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. சுவர் முழுக்க 'மகள்' என்று வந்து நின்றது. அப்பா பதறிப்போய் கிரீஸ் விரலால் அழுத்தினார். ஸ்பீக்கரில் பொடிசின் குரல் அறை முழுக்க நிறைந்தது.

"அப்பா, கடைசி இடம் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டீங்கதானே? நான் சொன்னேன்ல? அத மட்டும் அக்கா பாக்கக் கூடாதுப்பா. தன்னாலதான் தோத்தோம்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிடுவாங்க. அவங்க என்னையே திட்டிட்டுப் போகட்டும்."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, மறந்தே போயிட்டேனே!" என்றார். பிறகு மகள் சொன்னதன் மீதி அவருக்கு மெல்ல உறைத்தது. திட்டினார்களா? அவர் கேப்டன் பக்கம் திரும்பினார். கேட்கவில்லை. திரும்பிப் பார்த்ததோடு சரி.

கேப்டன் எழுந்து வந்து போனை வாங்கினாள்.

"பொடிசு. நான்தான்."

ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். பிறகு, "அக்கா..."

"பாத்துட்டேன். முழுசா பாத்தாச்சு. என் ஆள விட்டது நான். நீ இல்ல. எல்லார் முன்னாடியும் உன்னத் திட்டினேன், எல்லார் முன்னாடியும் சொல்றேன், தப்பு என்னோடது." அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.  "நீ இல்லன்னா நான் அந்தக் கடைசிப் பகுதியில அங்கயே விழுந்திருப்பேன்டி. காலிறுதியில கடைசிவரைக்கும் ஆடி முடிச்சேன்னு நான் சொல்லிக்கலாம்னா, அது நீ குடுத்தது. உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல."

"அதெல்லாம் எதுக்கு அக்கா?"

"டீமுக்கு வரமாட்டேன்னு சொன்னியாமே?"

"நீங்க அப்படிச் சொன்னப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது?"

"இப்பக் கூப்பிடறேன். வருவியா?"

கம்பமும் ரேடியோவும் கமுக்கமும் ஸ்பீக்கரைச் சுற்றி வந்து நின்றார்கள். மேடம்கூட எழுந்துவிட்டார்.  மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வரேன் அக்கா."

ரேடியோ கத்திய கத்தலில் காரிடாரில் போன யாரோ எட்டிப் பார்த்தார்கள். கேப்டன் அவளை அடக்கிவிட்டு, தன்னை அரித்துக்கொண்டிருந்த ஒன்றைக் கடைசியாகக் கேட்டாள்.

"லீவு முடிஞ்சதுன்னு ஏன்டி பொய் சொன்ன? உனக்கும்தானே மூச்சு வாங்குச்சு. மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போயிருக்கு, பாத்தேன்."

"உங்களுக்கு அது கடைசி டோர்னமெண்ட் இல்லயா அக்கா" என்றாள் பொடிசு, இதையெல்லாம் போய்க் கேட்கிறார்களே என்பது போல. "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. நான் அப்புறமா நின்னுக்கறேன்."

கேப்டன் போனை அவள் அப்பாவிடம் கொடுத்தாள். கொடுத்த கையாலேயே அவருடைய கிரீஸ் படிந்த கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல், நின்ற இடத்திலேயே அழுதாள்.