ஒரு லென்ஸுக்கு எழுதிய லேப் ரிப்போர்ட்

எட்டு மாதமாக நாங்கள் மூன்று பேரும் கண்ணால் பார்க்காத ஒரு பொருளுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். மூன்று பேர் என்றால், எங்கள் ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுன்டரில் இருப்பவர், ஆம்புலன்ஸ் டிரைவர், ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கும் நான். மருந்துக்காரரை இருவரும் அண்ணே என்போம். டிரைவர் எனக்கு மாப்ளே, நான் அவனுக்கு மச்சான். ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. கூப்பிட்டுக் கூப்பிட்டு உறவாகிவிட்டது.

மூவரிடமும் இருப்பது ஒரே கம்பெனி கேமரா. அந்தக் கம்பெனி புதிதாக ஓர் எண்பத்தைந்து எம்.எம். லென்ஸ் கொண்டுவரப் போகிறது என்று செய்தி வந்த நாளிலிருந்து எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. அதில் ஜூம் கிடையாது. கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் நடந்து போக வேண்டும். ஆனால் வெளிச்சம் உள்ளே போகிற வாய் அகலம். மங்கல் வெளிச்சத்தில்கூட ஓடுகிறவரை அந்தரத்தில் நிறுத்திப் பிடித்துவிடும் என்றார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மருந்துக் கவுன்டருக்குப் பின்னால், சலைன் பெட்டிகளுக்கு நடுவே உட்காருவோம். டானிக் பாட்டிலில் செல்போனைச் சாய்த்து வைத்து விமர்சனம் பார்ப்போம். முன்கூட்டியே லென்ஸ் கிடைத்த பாக்கியசாலிகள் உலகம் முழுக்க இருந்தார்கள். ஒருவர் பூனை மீசையைப் படம் எடுப்பார். இன்னொருவர் செங்கல் சுவரைத் தவிர எதையும் எடுக்க மாட்டார்.

"இந்தாளுக்குச் செங்கல்லை விட்டா வேற சொந்தபந்தமே இல்லையா?" என்பான் டிரைவர்.

"சும்மா இருடா. படத்தோட ஓரம் எப்படி வருதுன்னு சுவர்லதான் தெரியும்" என்பார் மருந்துக்காரர். அவர் எல்லா விமர்சனத்தையும் நம்புவார். காலையில் ஒருவர் 'கனம் ஜாஸ்தி' என்று சொல்லியிருந்தால் மதியம் வரை முகம் தொங்கிப் போயிருக்கும். மாலையில் இன்னொருவர் 'கையில் பூ மாதிரி இருக்கு' என்றால் நோயாளிகளுக்குக்கூடச் சிரித்துக்கொண்டே மாத்திரை கொடுப்பார்.

தனித்தனியாக வாங்க எங்களில் யாருக்கும் வக்கில்லை. மூவரும் சேர்ந்து ஒன்று வாங்குவது, ஆளுக்குப் பத்து நாள் வைத்துக்கொள்வது என்று முடிவானது. ஒரு நீளமான நோட்டில் விதிகளை நான்தான் எழுதினேன். எனக்கு விதி எழுதுவதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. முறை முடிந்ததும் விமர்சனம் எழுதி வைக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் முறை மாற்றக் கூடாது. இந்தக் கடைசி விதிக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன்.

சீட்டுக் குலுக்கியதில் முதலில் நான், அடுத்து மருந்துக்காரர், கடைசியில் டிரைவர். அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "மச்சான், அடுத்த வாரம் மச்சினன் வீட்டு விசேஷம். முதல் முறையை எனக்கு விட்டுக் குடேன்."

நான் நோட்டைத் திறந்து, இரண்டு கோட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவன் ஆம்புலன்ஸை எடுக்கப் போய்விட்டான். ரொம்ப நியாயஸ்தன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

லென்ஸ் வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோன முதல் நாள், ஜன்னலோரம் நின்று மூக்குக்கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த மனைவியை எடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். "நான் இவ்வளவு நல்லாவா இருக்கேன்?" என்றாள். பிறகு அவளே, "உங்க லென்ஸ் நல்லாப் பொய் சொல்லுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று எனக்குக் காபி கூடுதலாக ஒரு டம்ளர் கிடைத்தது.

ஆறாவது நாள் மகள் பள்ளியிலிருந்து ஓடி வந்தாள். ஷட்டில் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டாளாம். அடுத்த வாரம் சனிக்கிழமை. அவள் விளையாடும் அந்த உள்ளரங்கத்தில் வெளிச்சம் அழுதுவடியும்; விளையாடுகிறவர்களின் கண் கூசும் என்று பிளாஷும் போட விடமாட்டார்கள். மூன்று வருடமாக என் பழைய லென்ஸில் நான் எடுத்த படங்களில் எல்லாம் அவள் வெள்ளைச் சட்டை போட்ட புகை மாதிரிதான் இருப்பாள்.

"இந்தத் தடவையாவது என் மூஞ்சி தெரியுமாப்பா?"

"தெரியுமாவா? இமை முடியை எண்ணலாம். அப்பா கேரண்டி" என்று சொல்லிவிட்டு, பெருமையாகக் காலண்டரைப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமை பதினாலாவது நாள். மருந்துக்காரரின் முறை.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மனிதர் கொடுத்திருப்பார். ஆனால் எந்த வாயால் கேட்பது? டிரைவரிடம் விரலை வைத்துக் காட்டிய அதே நோட்டு மேசை மேல் கிடக்கிறது. கேட்க வெட்கம், விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள் என்ன செய்வானோ அதைத்தான் நானும் செய்தேன். மருந்துக்காரருக்கு அந்த லென்ஸே வேண்டாம் என்று போகிற மாதிரி ஒரு விமர்சனம் எழுதினேன். பழக்கதோஷம், லேப் ரிப்போர்ட் மாதிரியே வந்தது:

'ஃபோகஸ்: ஆமை வேகம். கனம்: அரை மணியில் கழுத்து சுளுக்கும். நிறம்: லேசான மஞ்சள்காமாலை. ஓரங்கள்: பார்வை மங்கல். பொதுவான நிலை: கவலைக்கிடம்.'

எழுதி முடித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. இதைப் படித்தால் அண்ணன் 'அடுத்த பத்து நாளும் நீயே வச்சுக்கோ' என்று சொல்லிவிடுவார் என்பது என் கணக்கு.

பத்தாவது நாள் மாலை அவர் நோட்டைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். முகம் வெளுத்துப் போனது. டிரைவரைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, பதினஞ்சு நாளுக்குள்ளன்னா கடையில திருப்பி எடுத்துக்குவாங்க இல்ல? நாளைக்கே போயிடலாம்."

நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். "அண்ணே, அவ்வளவு மோசம் இல்லண்ணே. நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு..."

"நான் எதுக்குடா பாக்கணும்? பத்தொன்பது வருஷமா நீ குடுக்கற ரிப்போர்ட்டைப் பாத்துத்தான் டாக்டர் மருந்து எழுதறார். நான் எடுத்துக் குடுக்கறேன். உன்னை நம்பாம யாரை நம்பறது?"

விமர்சனம் எழுதிய கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. சொல்லியிருக்க வேண்டும், அப்போதே. சொல்லவில்லை. கடையில் ஏதாவது காரணம் சொல்லித் திருப்பி எடுக்க மாட்டோம் என்பார்கள் என்ற நப்பாசையில் மறுநாள் கூடவே போனேன்.

கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு என் ரிப்போர்ட்டை ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தார். கடையில் இருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் லென்ஸைக் கடைக் கேமராவில் மாட்டி, பெரிய டி.வி.யில் ஒயரைச் சொருகினார்.

"ஆமை வேகம்னு எழுதினது யாருங்க? நீங்களா? அப்படியே நில்லுங்க."

க்ளிக்.

டி.வி. முழுக்க என் முகம். நெற்றி வியர்வை துளித்துளியாக. மீசையில் நரைத்த முடிகள் தனித்தனியாக. கண் மட்டும் மருந்துக்காரரைப் பார்க்காமல் கதவுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. திருட்டு முழி என்று சொல்வார்களே, அதை அவ்வளவு துல்லியமாக எந்த லென்ஸும் எடுத்திருக்காது. மஞ்சள்காமாலையும் இல்லை, மங்கலும் இல்லை.

டிரைவர் டி.வி.யைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அண்ணே, கோளாறு லென்ஸ்ல இல்லண்ணே" என்றான்.

அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போட்டி, மகள், இமை முடி, கேரண்டி, எல்லாம். முதலில் டிரைவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவன் "விதி விதின்னு குதிச்சியே மச்சான்" என்று ஆரம்பித்து, பாதியிலேயே சிரித்துவிட்டான். மருந்துக்காரர் சிரிக்கவில்லை.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா" என்றார். "உன் ரிப்போர்ட்னு நம்பினேன் பாரு." லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. மதியம் நான் லேபிலேயே தனியாகச் சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமை இரவு மகளிடம் உண்மையைச் சொன்னேன். "பரவாயில்லப்பா" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை.

சனிக்கிழமை என் பழைய லென்ஸோடு அரங்கத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் பாதி தாண்டியபோது யாரோ என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மருந்துக்காரர். கழுத்தில் அவருடைய கேமரா, அதில் அந்த லென்ஸ். பின்னால் டிரைவர்.

"பத்து நாள் என் முறை. அதுல மாத்தமே கிடையாது. கேமராவும் என் கழுத்தை விட்டு இறங்காது" என்றார் என்னைப் பார்க்காமலே. பிறகு கேமராவை என் பக்கம் நகர்த்தினார். "பட்டனை யார் அமுக்கணும்னு நீ எழுதல இல்ல? அமுக்கு."

"அண்ணே" என்றேன். "புலம்பாம எடுடா, புள்ள ஆடுது" என்றார்.

அவருடைய கேமரா வார் குட்டை. கேமராவில் என் கண்ணை வைக்க வேண்டுமென்றால் அவர் கன்னத்தோடு என் கன்னத்தை ஒட்ட வேண்டும். அவருடைய இரண்டு நாள் தாடி குத்தியது. அவர் வலப்பக்கம் திரும்பினால் நானும் திரும்ப வேண்டும். நான் எழுந்தால் அவரும் எழ வேண்டும். இருவரும் சேர்ந்து விழுந்துவிடாமல் டிரைவர் பின்னாலிருந்து எங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டான். மூன்று பேரும் ஒரே மூச்சில் இடமும் வலமும் ஆடினோம். பக்கத்தில் இருந்தவர்கள் போட்டியை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. மகள் உயரமாக எம்பினாள், ராக்கெட்டை ஓங்கினாள். அந்தரத்தில் இருக்கும்போதே அவள் பார்வை எங்கள் மேல் விழுந்தது. வாய் விட்டுச் சிரித்துவிட்டாள். நான் அமுக்கினேன். ஷட்டில் வலையில் போய் விழுந்தது.

அந்தப் பாயின்ட் போனது. அடுத்த மூன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு அவளே எடுத்து ஜெயித்தாள். வியர்வை சொட்டச் சொட்ட எங்களிடம் வந்தபோது கையில் கோப்பை, கண்ணில் கோபம்.

"யாராவது மேட்ச்ல இப்படிப் பண்ணுவாங்களா? உங்களாலதான் அந்தப் பாயின்ட் போச்சு!"

மருந்துக்காரர் குனிந்து, கழுத்திலிருந்த கேமராவின் திரையை அவளுக்குக் காட்டினார். தரையை விட்டு எழும்பிய கால், ஓங்கிய ராக்கெட், நெற்றியில் ஒட்டிய முடி, பல் கம்பி தெரியும் சிரிப்பு. அவள் வெகுநேரம் பார்த்தாள். என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒட்டி வைத்திருந்த எங்கள் கன்னங்கள் இரண்டும் சிவந்திருந்தன.

"அடுத்த மேட்ச்சுக்கும் மூணு பேரும் வாங்க" என்றாள். "ஆனா பெரியப்பா, வாரை மட்டும் நீளமாக்கிடாதீங்க."